அரைப் பேர் எழுதிய கை

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் சம்பளத்தைப் 'பேர்' என்றுதான் சொல்வோம். "இன்னைக்கு முழுப் பேரா, அரைப் பேரா?" என்று லயத்து வரிசை வீட்டு வாசலில் ஒருத்தி கேட்டால், அவள் அன்றைக்குப் பறித்த கொழுந்து தோட்டம் கேட்ட கிலோவைத் தொட்டதா இல்லையா என்று கேட்கிறாள். தொட்டால் செக்ரோல் என்கிற வேலைநாள் பதிவில் அவள் பெயருக்கு நேரே முழு நாள் விழும். இல்லாவிட்டால் பாதி. பதினொரு வருடம் அந்தப் பேரை எழுதிய கணக்கப்பிள்ளை நான். அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அதனால் சம்பள உயர்வைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது என் சட்டைப் பையில் இருந்த அந்தச் சின்னச் செக்ரோல் புத்தகமும், அதில் 2021ஆம் ஆண்டு நான் எழுதிய அரைப் பேர்களும்தான்.

நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை எத்தனை வருடம் இழுபட்டது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 2016 ஒக்டோபரில் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம் 730 ரூபாயில் நின்றது. 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி கறுப்பு உடையோடு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கொழும்பு காலிமுகத்திடலில் கூடினார்கள். தோட்டத்தின் ஒரு பிரிவான எங்கள் டிவிசனில் இருந்தும் பையன்கள் போனார்கள், ராத்திரி பஸ் பிடித்து. அதற்குப் பிறகும் 2019 ஜனவரியில் கிடைத்தது அடிப்படை 700, தேயிலை விலைக்காகச் சேர்க்கிற விலைப் பங்கு 50, ஆக 750தான். கடைசியில் 2021 மார்ச் மாதம் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானி, அதாவது அரசிதழ் அறிவிப்பு, வந்தது. அடிப்படை 900, வரவுசெலவுத்திட்டப் படி 100. ஆயிரம்.

அன்றைக்கு லயத்தில் பட்டாசு வெடித்தார்கள். நானும் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த மாதமே, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கிலோ ஏறியது. எங்கள் டிவிசனில் அதுவரை ஒரு பேருக்கு 16 கிலோ. ஏப்ரலில் 18 ஆக்கினார்கள். ஜூனில் 20. அதே நேரத்தில்தான் அரசாங்கம் இரசாயன உரத்துக்குத் தடை போட்டது. உரம் விழாத மலையில் கொழுந்து எப்படி வரும்? செடி துளிர் விடாமல் நிற்கும்போது கிலோ மட்டும் மேலே போனது. நவம்பரில் தடையை நீக்கினார்கள், ஆனாலும் செடி அதை மறக்கவில்லை. 2021இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது.

ஜூலை மாதம் ஒரு நாள், அந்தி நிறுவை. தென்மேற்குப் பருவ மழை. கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் கிலோவைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. உடம்பில் சுற்றிய படங்குச் சீலையில் இருந்து தண்ணீர் ஒழுக ஒழுகப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் அம்மா வயதில் ஒரு பெரியம்மாவின் மூன்று நிறுவையும் சேர்த்து இருபதரை வந்தது. ஈரத்துக்கும் சாக்குக்கும் ஒரு நிறுவைக்கு ஒரு கிலோ கழிக்க வேண்டும் என்பது அன்றைக்குக் கொடுத்திருந்த உத்தரவு. மூன்று கழித்தால் பதினேழரை. அரைப் பேர் எழுதினேன். அவர் கூடையைக் கையில் பிடித்தபடி நின்று,

"கணக்கப்புள்ள அய்யா, தண்ணிக்குன்னு மூணு கிலோ வெட்டிட்டீங்க. அந்தத் தண்ணியையும் நாந்தானே மலையில இருந்து சுமந்து வந்தேன்" என்றார்.

சண்டை போடவில்லை. சொல்லிவிட்டுக் கூடையைக் கவிழ்த்துத் தட்டி, தலையில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வர்த்தமானியில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று இருக்கிறது. இருபது கிலோ என்று அதில் எங்கே இருக்கிறது? அந்தக் கேள்வியை நான் தோட்டத்து உதவி மனேஜரான சின்னத் துரையிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு எனக்கு ஒரு வருடம் ஆனது.

அந்த மாதம் அவருடைய சம்பளத் துண்டைப் பிறகு ஒருநாள் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெப்ரவரியில், 750 ரூபாய்க் காலத்தில், 23 பேர். அது 17,250. மேலதிகக் கொழுந்து 60 கிலோ, கிலோவுக்கு 40 வீதம் 2,400. மொத்தம் 19,650. ஜூலையில், ஆயிரம் ரூபாய்க் காலத்தில், முழுப் பேர் 13, அரைப் பேர் 8. அது 17,000. மேலதிகக் கிலோ ஒன்றுகூட இல்லை. நாள் சம்பளம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. வீட்டுக்குப் போன காசு 2,650 ரூபாய் குறைந்திருந்தது.

இந்தக் கணக்கைக் காட்டி "அதான் சொன்னோமே, சம்பளத்தை ஒரேயடியாக ஏற்றினால் இப்படித்தான் ஆகும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை நான் தள்ளிவிட மாட்டேன். ஏனென்றால் கம்பனிப் பக்கத்துக் கணக்கையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரைக் கிலோ அளவுக்குப் பச்சைக் கொழுந்து வேண்டும். ஆயிரம் ரூபாய்க்கு 20 கிலோ பறித்தால் பச்சைக் கொழுந்து கிலோ 50 ரூபாய். தூள் கிலோவுக்குப் பறிப்புக் கூலி மட்டும் 225. பதினாறு கிலோ பறித்தால் அதுவே 280ஐத் தாண்டுகிறது. இதன் மேல் தொழிலாளியின் ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கிற சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து, புல்லு வெட்டு, பெக்டரி விறகு, கரண்ட். 2021இல் கொழும்பு ஏலத்தில் சராசரி விலை 620 ரூபாய் அளவில்தான் இருந்தது. சின்னத் துரை ஒருநாள் ஆபீசில் இதை எனக்குத் தாளில் போட்டுக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்தத் தாளின் மறுபக்கத்தை யாரும் போட்டுக் காட்டவில்லை. 2022இல் ரூபாய் விழுந்தது. டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போனது. தேயிலை டொலரில் விற்கிற பொருள். ஏல விலை ரூபாயில் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. உரமும் டீசலும் ஏறின, அதுவும் உண்மை. கூலி மட்டும் அப்படியே ஆயிரத்தில் நின்றது, 2024 வரைக்கும். வர்த்தமானி வந்தபோது ஐந்து டொலராக இருந்த நாள் சம்பளம் மூன்று டொலருக்கும் கீழே போனது. கோதுமை மா கிலோ நூறு ரூபாய்க்குள் இருந்தது, 2022இல் நானூறைத் தொட்டது. எங்கள் ஆட்கள் காலையில் ரொட்டி சுட்டு, அதையே சுருட்டிப் பகலுக்கும் மலைக்குக் கொண்டு போகிறவர்கள். அந்த வருடம் பகல் ரொட்டி இல்லாமல் வெறும் சாயத் தண்ணீர்ப் போத்தலோடு மலைக்கு வந்த பெண்களை என் கண்ணால் பார்த்தேன். விலை விழும்போது கூலி கொடுக்க முடியாது என்றால், விலை ஏறும்போது கூலி தானாக ஏற வேண்டும். அந்த ஏற்பாடு எந்த ஒப்பந்தத்திலும் ஒழுங்காக இருக்கவில்லை. விலைப் பங்கு என்று வைத்திருந்ததும் 30, 50 ரூபாயாகத்தான் இருந்தது. அதனால்தான் வருடக்கணக்காக ஒன்றும் நடக்காமல், பிறகு ஒரே அடியாக ஏற்ற வேண்டிய நிலை வருகிறது. ஒரேயடி உயர்வு கெட்டது என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்த வருடம்தான் நான் வேலையை விட்டேன். பக்கத்து டவுனில் ஒரு சின்ன கொமியுனிகேஷன் கடை போட்டேன். போட்டோக் கொப்பி, ரீலோட், விண்ணப்பப் படிவம் நிரப்புவது. பத்தாம் திகதி சம்பளம் என்றால் பதினோராம் திகதி கடையில் கூட்டம். "தம்பி, இந்தத் துண்ட கொஞ்சம் பாத்துச் சொல்லு, என்னா வெட்டியிருக்காங்கன்னு" என்று ஆரம்பித்தார்கள். துண்டில் இருப்பதெல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்து. நான் எழுதிய எழுத்தை நானே மறுபக்கத்தில் இருந்து வாசிக்கத் தொடங்கியது அப்படித்தான். இதுவரை நூற்றுக்கணக்கான துண்டுகள் பார்த்திருப்பேன். அதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

துண்டு கைக்கு வந்ததும் எல்லோரும் அடியில் இருக்கிற கைக்குக் கிடைத்த தொகையைத்தான் பார்க்கிறார்கள். அதைக் கடைசியில் பாருங்கள். முதலில் பேர் எத்தனை என்று பாருங்கள். முழுப் பேர் தனியாக, அரைப் பேர் தனியாக. அதை எதோடு ஒப்பிடுவது? அதற்கு வீட்டில் ஒரு கொப்பி வேண்டும். பிள்ளையின் பழைய பயிற்சிப் புத்தகம் போதும். திகதி, காலை நிறுவை, பகல் நிறுவை, அந்தி நிறுவை, கழிவு, அன்றைக்குத் தோட்டம் கேட்ட கிலோ. ஆறு எண். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ராத்திரி கேட்டு எழுதிவிடும். கொப்பி இல்லாமல் "எனக்குப் பேர் குறைஞ்சிருச்சு" என்று ஆபீசுக்குப் போனால், செக்ரோலைத் திறந்து காட்டி அனுப்பிவிடுவார்கள். நானே அப்படி அனுப்பியிருக்கிறேன். கொப்பியோடு வந்தவரை அனுப்ப முடியாது. திகதி திகதியாக உட்கார்ந்து பார்க்க வேண்டிவரும்.

பிறகு, கூடின காசு எந்தத் தலைப்பின் கீழ் வந்திருக்கிறது என்று பாருங்கள். இது மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம். என் அம்மாவின் 2013ஆம் ஆண்டுத் துண்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன். நாள் சம்பளம் 620 என்று சங்கத்தில் சொன்னார்கள். அதில் அடிப்படை 450. விலைப் பங்கு 30. மீதி 140 வரவுக் கொடுப்பனவு. தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வேலைக்குப் போயிருந்தால்தான் அது கிடைக்கும். ஒரு மாதம் பாட்டி செத்துப் போய் அம்மா சில நாள் வேலைக்குப் போகவில்லை. 24 நாளில் 17 நாள்தான். பதினெட்டு இருந்திருந்தால் 75 வீதம். ஒரு நாள் குறைந்ததற்காக 17 நாளுக்கும் 140 போனது, 2,380 ரூபாய். 620 என்பது அந்த மாதம் எங்கள் வீட்டில் 480 ஆக இருந்தது.

அடிப்படைச் சம்பளத்தின் அருமை அம்மா ஓய்வு எடுத்தபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. நாட்கூலி வாங்குகிற ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது சேவைக்காலப் பணம் எப்படிக் கணக்குப் போடுவார்கள் தெரியுமா? 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். எந்த நாள் சம்பளம்? கடைசியாக வாங்கிய சம்பளம். அதுவும் வரவு, உற்பத்தி என்று கொடுத்த படிகள் சேராமல். அம்மா 2018 ஓகஸ்டில் ஓய்வு எடுத்தார். 31 வருடம். அப்போது அடிப்படை 500. ஆக 31 பெருக்கல் 14 பெருக்கல் 500, அது 2,17,000 ரூபாய். அடுத்த ஜனவரியில் அடிப்படை 700 ஆனது. அந்தச் சம்பளத்தில் கணக்குப் போட்டிருந்தால் 3,03,800. சில மாதத்தில் 86,800 ரூபாய் கையை விட்டுப் போனது. அன்றைக்கு நான் கணக்கப்பிள்ளை. எனக்கே அது தெரிந்திருக்கவில்லை, யாரும் எங்களுக்குச் சொல்லவும் இல்லை. முழங்கால் வலி என்று சொன்ன அம்மாவை "போதும், நின்னுக்கங்க" என்று சொன்னதே நான்தான்.

அதனால்தான் 2024இல் நடந்ததை நான் மற்றவர்களைப் போலப் பார்க்கவில்லை. மே தினத்தன்று கொட்டகலை மேடையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபாய் என்று அறிவித்தார். 1,350 அடிப்படை, 350 படி. கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பரில் புதிய வர்த்தமானி வந்தபோது 1,350 மட்டும் நின்றது. கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் "350ஐப் புடுங்கிட்டாங்க தம்பி" என்றார்கள். ஆத்திரம் நியாயமானது. ஆனால் நின்றது அடிப்படைச் சம்பளம். அதற்குச் சேமலாப நிதி உண்டு, சேவைக்காலப் பணத்தில் அது பெருகும். இவ்வளவு காலமும் எங்கள் ஆட்களுக்குக் கிடைத்த உயர்வுகளில் நல்ல உயர்வு எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். 1,700 கேட்டுப் போராடியது சரி. அந்த 350ஐயும் அடிப்படையில் சேர்க்கச் சொல்லிப் போராடியிருந்தால் இன்னும் சரி.

கழிவுப் பக்கத்தையும் விடாமல் பாருங்கள். தீபாவளி முற்பணம், தேயிலைத் தூள், சங்கச் சந்தா, கோயில் காசு. முற்பணம் கட்டி முடிந்த பிறகும் ஒரு மாதம் கூட வெட்டியதை மூன்று நான்கு துண்டுகளில் பார்த்திருக்கிறேன். ஆபீசில் காட்டினால் திருத்திக் கொடுத்துவிடுகிறார்கள். காட்டினால்தான்.

கிலோ பிரச்சினைக்குத் தனியாகப் போகாதீர்கள். 2023இல் ஒரு தோட்டத்தில் இருந்து பதினொரு பெண்கள் ஆறு மாதத் துண்டுகளைக் கொண்டு வந்தார்கள். எல்லாவற்றையும் கொப்பி எடுத்து, ஒரே தாளில் பெயர், முழுப் பேர், அரைப் பேர் என்று வரிசைப்படுத்தி எழுதினோம். வரட்சி மாதம் இரண்டிலும் பதினொரு பேருக்கும் அரைப் பேர் பாதிக்கு மேல். ஒருத்தி கெட்டிக்காரி இல்லை என்று சொல்லலாம், பதினொரு பேரும் ஒரே மாதத்தில் கெட்டிக்காரத்தனத்தை இழப்பார்களா? அந்தத் தாளோடு தொழில் திணைக்களத்து அலுவலகத்துக்குப் போனார்கள். முறைப்பாடு கொடுக்கக் காசு வேண்டாம், லோயரும் வேண்டாம். விசாரணைக்கு இரண்டு தவணை போக வேண்டியிருந்தது, இரண்டு நாள் பேர் போனது. முடிவில் பழைய அரைப் பேர்களுக்குக் காசு வரவில்லை. ஆனால் வரட்சி மாதங்களுக்கு 20 கிலோ 16க்கு இறங்கியது. சங்கத் தலைவர் மூன்று வருடமாகப் பேசி ஆகாதது அந்த ஒரு தாளில் ஆனது.

உயர்வு வந்தால் தோட்டங்கள் மலையைக் காடாக விட்டுவிடும், வேலை நாள் குறையும் என்பார்கள். குறைந்துதான் இருக்கிறது. கூட்டு ஒப்பந்தம் இருந்த காலத்தில் வருடத்துக்கு 300 நாள் வேலை என்று ஒரு பிடிப்பு இருந்தது. 2021இல் சம்பளம் வர்த்தமானிக்குப் போனது, ஒப்பந்தம் செத்தது, அந்தப் பிடிப்பும் அதோடு போனது. அதைத் திருப்பிக் கேட்கிற குரல் இன்றைக்குக் குறைவு. எனக்கு அதில் பெரிய மனவருத்தம் உண்டு. 1,350ஐயும் 1,700ஐயும் பற்றிக் கத்துகிற மேடையில் நாள் எத்தனை, கிலோ எத்தனை என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. நாளும் கிலோவும் தோட்டத்தின் கையில் இருக்கிற வரைக்கும் ரூபாயை எங்கே வைத்தாலும் என்னைப் போல ஒருவன் அதை மடுவத்தில் நின்று பாதியாக எழுதிவிடலாம். இளம் பிள்ளைகள் இதைக் கண்டுதான் மரக்கறித் தோட்டத்துக்கும் கொழும்புக் கடைகளுக்கும் போகிறார்கள். அங்கே எட்டு மணி நேரம் நின்றால் ஒரு நாள். யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

2025 நவம்பரில் வரவுசெலவுத்திட்டம் வாசித்தார்கள். ஜனவரியில் இருந்து அடிப்படை 1,350இல் இருந்து 1,550. அதோடு அரசாங்கம் தன் காசில் நாளுக்கு 200 வரவுக் கொடுப்பனவு தரும், ஆக 1,750. வரவுக் கொடுப்பனவு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அம்மாவின் 140தான் ஞாபகம் வந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் அந்த 200க்கு என்ன நிபந்தனை என்று எழுத்தில் கேட்கச் சொன்னேன்.

அந்த வாரம் அந்தப் பெரியம்மா கடைக்கு வந்தார். தண்ணியையும் நாந்தானே சுமந்து வந்தேன் என்றவர். இப்போது என்னை அய்யா என்பதில்லை, தம்பிதான். 29 வருடம் முடிந்துவிட்டது. கண்ணும் மங்கல், மலை ஏற முடியவில்லை, டிசம்பரோடு நிற்கலாம் என்று கடிதம் எழுதித் தரச் சொன்னார். நான் கல்குலேட்டரை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். 29, 14, அடிப்படையில் கூடுகிற 200. எண்பத்தோராயிரத்து இருநூறு.

"அப்ப எத்தன மாசம் தள்ளிப் போகணும்?"

"அடிப்படை 1,550ன்னு துண்டுல அச்சடிச்சு வர்ற வரைக்கும் பெரியம்மா. மேடையில சொல்றத நம்பி நிக்காதீங்க. துண்டுல பாத்துட்டு வாங்க, அன்னைக்கே எழுதித் தாரேன்."

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படங்கை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி, காலையில பெரட்டுக்குப் போறேன்" என்று எழுந்தார்.